இன்னும் போணி ஆகவில்லை

செப்டம்பர் 3, செவ்வாய்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை, அவர்கள் டிவி மட்டும் தெளிவாகக் கேட்டது.

நல்லமுத்து காய்கறிக் கடையைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டேன். வழக்கம்போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "சித்த உக்காருங்கம்மா, இன்னும் போணி ஆவுல." உட்கார்ந்தேன். அவர் தக்காளியை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். பைக்கில் வந்த ஒருவன் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிப் போனான். உடனே நல்லமுத்து முகம் தெளிந்தது. "இப்பச் சொல்லுங்கம்மா, என்ன வேணுங்க?"

பால் பூத்தில் முழங்கையால் இடிக்கிறார்கள். மருந்துக் கடையில் போனைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை நீட்டுகிறார்கள். பெரியவர்களைப் பார்த்தால் உட்காரச் சொல்ல வேண்டும் என்று இந்த ஊரில் தெரிந்தவர் நல்லமுத்து ஒருவர்தான்.

பீன்ஸில் நார். சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

சொன்னேன். "மழைக்கு அப்படித்தானுங்க" என்றார். மழைக்கும் நாருக்கும் என்ன சம்பந்தம்?

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று பரங்கிக்காய் வாங்க வேண்டியிருந்ததால் தூக்கிவர வீட்டில் வேலை செய்யும் காளியாயியையும் கூட்டிப் போனேன். கூட்டிப் போயிருக்கவே கூடாது. அல்லது கூட்டிப் போனதே நல்லது. இன்னும் முடிவு செய்யவில்லை.

ஸ்டூல் வந்தது. உட்காரவில்லை, அவசரம் என்றேன். "கரண்டு இல்லீங்க. தராசு ஓடாதுங்க" என்றார் நல்லமுத்து. அவர் தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். சொல்லாமல் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல அதை அண்ணாந்து பார்த்தார்.

அதற்குள் காளியாயி தன் பங்குக்கு வெங்காயம் கேட்டாள். தராசு உடனே ஓடியது.

திரும்பும் வழியெல்லாம் பரங்கிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

"அம்மா, உங்களுக்கு நெசமாவே தெரியாதுங்களா?"

"என்ன தெரியாது?"

"ஊட்டுக்காரரு தவறிப்போனவங்க கையில மொதக் காசு வாங்க மாட்டாங்க. அன்னிக்கி பூராம் யாவாரம் படுத்துரும்பாங்க. அதான் வேற ஆளு வர்ற வரைக்கும் உங்கள உக்கார வெக்கிறாரு."

"உன்னிடம் மட்டும் வாங்கினாரே?"

"எம்பட ஊட்டுக்காரருதான் இருக்காரே."

இருக்கிறார். திருப்பூரில். வேறொருத்தியோடு. எதிரில் வந்தால் அடையாளம் தெரியுமா என்று காளியாயிக்கே சந்தேகம்.

"உசுரோட இருக்காரில்லங்க. கடைக்காரங்களுக்கு அது போதுங்கம்மா."

என் கணவர் போய் ஆறு வருஷம். ஆறு வருஷமாக அந்த ஸ்டூலில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கால்மேல் கால் போட்டு. "பார், எனக்கென்று தனி ஸ்டூல்" என்று தோழி அற்புதத்திடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன். அந்தப் பக்கம் போன ஒவ்வொருத்தருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியல. எப்படித் தெரியாமப் போச்சு? கான்வென்ட்ல பிரெஞ்சு கூடச் சொல்லிக் குடுத்தாங்களே, இதைச் சொல்லிக் குடுக்கலையே.

பரங்கிக்காய் சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

அகராதியை எடுத்தேன். போணி: அன்றைய முதல் விற்பனை. அவ்வளவுதான். விதவைகளைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. இன்னொரு பொருள், வாயகன்ற பாத்திரம். அதுவும் சரி, என் மாமியார் மோரை ஒரு பித்தளைப் போணியில்தான் வைத்திருப்பார், யாரையும் தொடவிட மாட்டார்.

ஆனால் அகராதிக்குக் காது போதாது. இன்று காதைத் தீட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். ஆட்டோ ஸ்டாண்டில்: "காலையிலருந்து போணியே இல்லண்ணா." ஏரிக்கரை மைதானத்தில் முதல் பந்திலேயே அவுட் ஆனவனைப் பார்த்து: "போணி ஆவாமயே போறான் பாரு." காளியாயி தன் அக்கா மகனைப் பற்றி: "அந்த மூக்குக்கு எங்கீங்க போணியாவறது, பொண்ணு பாத்துப் பாத்து மாமனுக்குக் காலு தேஞ்சு போச்சு." மாதா கோயில் புதுப் பாடகர் குழுவைப் பற்றி அற்புதம் என்னிடம்: "போணியாகாது பிலோ. மேல்ஸ்தாயி பாடற சோப்ரானோ எல்லாம் ஆடு மாதிரி கத்துது."

விற்றாலும் போணி. ரன் எடுத்தாலும் போணி. கல்யாணம் ஆனாலும் போணி. எதைத் தொடங்கவும் இந்த ஊரில் இந்த ஒரு சொல்தான். அப்படியென்றால் நான் இனி எதையும் தொடங்கக் கூடாது. வேறு யாராவது தொடங்கிவைத்ததை வாங்கிக்கொண்டு வரலாம்.

அது எப்படி?

எனக்கு வேண்டியது பீன்ஸ் இல்லை. எனக்கு முன்னால் ஆள் இல்லாதபோது என் முறை எனக்கு வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே போய்விட்டேன். இந்த வயதில் முழங்கால் ஒத்துழைத்தது ஆச்சரியம். ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து, சரியான பணத்தைத் தராசின்மேல் வைத்துவிட்டு, "போணி ஆயிற்று நல்லமுத்து, குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "அம்மா, அம்மா, ஏனுங்கம்மா" என்று பின்னால் குரல் வந்தது. நிற்கவில்லை.

வெற்றி என்று நினைத்தேன். மருந்துக் கடைக்குப் போவதுபோலத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். என் நோட்டு கல்லாவில் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைமேல் ஒரு கல்லின் அடியில், தண்டனை வாங்கிய மாணவி மாதிரி தனியாக இருந்தது. வேறு யாரோ வந்து வாங்கிய பிறகே அதற்கு விடுதலை.

செப்டம்பர் 12, வியாழன்

அற்புதம் டீக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல் கதை வந்தபோது பிஸ்கட் புரையேறிவிட்டது அவளுக்கு. முதுகில் தட்டினேன், தேவைக்கு மேலேயே.

"எங்கிட்ட வாங்குவாரே. போன வாரம்கூட நான்தான் முதல் ஆள். 'உங்க கை ராசிங்க மிஸ்'ன்னாரு."

அற்புதம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஒரு கண்ணில் புரை. ஆனாலும் அவள் கை சுபம், என் கை அசுபம். நான் செய்த ஒரே தவறு ஒரு நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டு அவரைவிட அதிக நாள் உயிரோடிருந்தது.

"எழுபத்து மூணு வயசுல எனக்கு ஒரு மவுசு வந்திருக்கு, பொறாமைப்படாதடி" என்றாள். "வேணும்னா தினமும் உனக்கு முன்னாடி போய் ஒரு பச்சமொளகா வாங்கிடறேன். ரிப்பன் வெட்டற மாதிரி."

கேக்கை அவளுக்குச் சின்னதாக வெட்டினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டம். புது பேக்கரித் திறப்பு. வாழைமரம், சீரியல் பல்பு, ஸ்பீக்கர். கல்லாவுக்கு முன்னால் தோளில் துண்டோடு யார்? நல்லமுத்து. "அண்ணன்தான் மொதப் போணி, அண்ணன் கை பட்டா விருத்தி" என்று முதலாளி அறிவிக்க, நல்லமுத்து ஒரு தேங்காய் பன் வாங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை.

"நல்லமுத்து, உங்க வீட்டம்மா சரசு தவறி எத்தனை வருஷம் ஆகுது?"

"ஏழு வருசங்கம்மா."

"அப்படியா. ஏழு வருஷமா உங்க கை மட்டும் எப்படிக் கெட்டுப் போகாம இருக்கு? எந்த சோப்புன்னு சொன்னா நானும் வாங்கிக்குவேன்."

ஸ்பீக்கர் அந்த நேரம் பார்த்துத் தானாக நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார். நல்லமுத்து பன்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோபமில்லை. யாரோ கேட்கும்வரை தோன்றாத ஒன்று இப்போதுதான் தோன்றியதுபோல ஒரு முகம்.

பிரமாதமாகக் கேட்டோம் என்ற திருப்தி வீட்டு கேட் வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. சரசுவின் பெயரைப் பேக்கரி வாசலில் இழுத்திருக்க வேண்டாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நல்லமுத்துவிடமிருந்து காளியாயி மூலம் தூது. "அம்மாவ எட்டு மணிக்கு மேல வரச் சொல்லு கண்ணு. அதுக்கு முன்னாடி வேண்டாம்."

ஆக, ஸ்டூலும் போயிற்று. இனிப்புத் தடவாத உத்தரவு.

நான் எட்டு மணிக்கு மேலும் போக மாட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நம் கொல்லையில் சௌசௌக் கொடி இருக்கிறது. யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியதில்லை. சௌசௌக் கூட்டு. சௌசௌ சட்னி. சௌசௌ பொரியல். நேற்று சௌசௌ தோசை.

காளியாயி: "அம்மா, எனக்குக் கனவுலகூட பச்சையா வருதுங்க."

பெருமைக்குச் சுவை உண்டென்றால் அது சௌசௌ மாதிரிதான் இருக்கும். அதாவது எதுவுமே இருக்காது.

செப்டம்பர் 28, சனி

இரவெல்லாம் மழை. சேலம் போகும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பாறை உருண்டு விழுந்துவிட்டதாம். எந்த வண்டியும் மேலே வரவில்லை. குப்பனூர் வழியாக வரலாம் என்றார்கள், அங்கே மரம் விழுந்திருக்கிறது. சனிக்கிழமை, டூரிஸ்ட் ஒருவர்கூட இல்லை. உள்ளூர்க்காரர்களும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மதியம் காளியாயி சொன்னாள்: "நல்லமுத்தண்ணன் கடையில இன்னும் போணியே ஆவுலீங்க. நொம்ப ஒடஞ்சு போய் உக்காந்திருக்காரு. மல்லித்தழையெல்லாம் தலை சாஞ்சு போச்சு."

"நீ போய் வாங்க வேண்டியதுதானே?"

"இந்த மழையிலயா? எம்பட குடையே கிழிஞ்சு கெடக்குதுங்க." பிறகு கண்ணைச் சிமிட்டாமல், "உங்களுது நல்ல குடைங்க" என்றாள்.

சாயங்காலம் மழை தூறலானதும் போனேன். கொத்தமல்லி வாங்க அல்ல. சும்மா நடக்க. அந்தப் பக்கமாக.

கடையில் அவர் மட்டும். என்னைப் பார்த்து எழுந்து நின்றார், ஸ்டூலைத் தேடவில்லை. நான் கூரைக்கு அடியில் நின்றேன். இருவரும் சாலையைப் பார்த்தோம். யாராவது வருவார்கள் என்று அவர் பார்த்தார். யாரும் வரக்கூடாது என்று நான் பார்த்தேன். ஒரு நாய் மட்டும் வந்து எங்கள் இருவர்மேலும் உதறிவிட்டுப் போனது.

"போணி ஆயிடுச்சா?" என்றேன், தெரியாததுபோல.

"இல்லீங்க."

"கொத்தமல்லி என்ன விலை?"

சாலையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "பதினஞ்சுங்க" என்றார்.

நான் பேரம் பேசியதே கிடையாது. கான்வென்ட் சிஸ்டர்கள் எங்களுக்கு அதைச் சந்தைக் குணம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்தக் கட்டைப் பார்த்ததும் வாயில் தானாக வந்தது. "இதுக்கா? அஞ்சு ரூபாய்க்கு மேல தர மாட்டேன்."

"அஞ்சுங்களா? வெதச்ச கூலி கூட வராதுங்கம்மா!"

"வாடிப் போயிருக்கு."

"மழையில எது வாடாம இருக்கும்? நீங்களும் நானும்கூட வாடித்தான் நிக்கறோம்."

"நான் வாடல. ஆறு."

"பன்னெண்டு. கருவேப்பில சேத்தி வாங்கிக்கங்க."

"கருவேப்பில எப்பவுமே இலவசம். அதைக் கணக்கில் சேர்க்காதீங்க."

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. கை ஆட்டிப் பேசினார். விதைத்தவன், பறித்தவன், சுமந்தவன் என்று எல்லோரையும் சாட்சிக்கு அழைத்தார். ஒரு வழியாக நடுவில் வந்து நின்றோம். நோட்டைக் கொடுத்தேன். வாங்கியும்விட்டார். வாங்கிய பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது.

அவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உருளைக்கிழங்கு மூட்டையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்து உள்ளே போட்டார்.

"சரசு போனப்ப, இனிமே எங்கிட்டயும் யாரும் காலங்காத்தால வாங்க மாட்டாங்கன்னு நெனச்சேனுங்க. மறுநாளே எல்லாரும் வந்தாங்க. ஏன் வந்தாங்கன்னு அன்னிக்கி யோசிக்கல. நீங்க பேக்கரியில கேட்டப்பறந்தான்..." கல்லாவைச் சாத்தினார்.

"சரசு பேரை அங்கே இழுத்தது தப்பு" என்றேன்.

"பேரு சொல்ல ஆள் வேணுமில்லங்க" என்றார்.

கொத்தமல்லியை சட்னி அரைத்தேன். சௌசௌ சேர்க்காமல்.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்றுக் காலையிலேயே பாறையை உடைத்து எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கூட்டம் ஒரே நாளில் மேலே ஏறியது. மாலைக்குள் நல்லமுத்து கடையில் கேரட்டின் இலைகூட மிச்சமில்லை.

இன்று தூது: "அம்மா கை பட்ட ராசி. நாளைக்கி கடை தொறக்கறப்பவே வரச் சொல்லு." பேக்கரிக்காரர் தனியாக ஆள் அனுப்பியிருக்கிறார். பஜ்ஜிக் கடையிலிருந்தும்.

அற்புதம் போனில்: "வாடகைக்கு விடுடி கையை. சீசன் ரேட்."

அக்டோபர் 2, புதன்

ஒப்புக்கொள்கிறேன். நேற்று மூன்று கடைகளில் போணி செய்தேன். இன்று நான்கு. பஜ்ஜிக் கடையில் எனக்காக முதல் மிளகாயைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பேக்கரியில் நாற்காலி, குஷன் வைத்தது. வயிறு சரியில்லை. மனதுக்கு வெகு சுகம்.

அக்டோபர் 3, வியாழன்

வயிறு இன்னும் சரியில்லை. படுத்துக்கொண்டே யோசித்தேன்.

பாறையை எடுத்தது நெடுஞ்சாலைத் துறை. நானில்லை. கூட்டம் என்னால் வந்தது என்று தலையாட்டினால், கூட்டம் வராத நாளும் என்னால்தான். குஷனுக்காக இதை ஒத்துக்கொண்டு, அப்புறம் ஸ்டூலுக்காக அழ முடியாது. ஸ்டூலும் குஷன் நாற்காலியும் ஒரே மரத்தில் செய்தவைதான்.

அக்டோபர் 4, வெள்ளி

பேக்கரிக்கும் பஜ்ஜிக்கும் நன்றி சொல்லி நிறுத்திவிட்டேன். பஜ்ஜிக்காரர் முகம் வாடிற்று.

நல்லமுத்துவிடம் நேராகவே சொன்னேன். "ராசிக்காக வர மாட்டேன். பீன்ஸ் தேவைப்பட்டால் வருவேன். வரும்போது யாரும் இல்லையென்றால் எனக்கு எடை போட வேண்டும். நான் வாங்கிய நாளில் வியாபாரம் படுத்தாலும், மறுநாள் வந்தால் எடை போட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்."

தாடையைச் சொறிந்தார். "படுத்தாலுமுங்களா?"

"படுத்தாலும்."

"யோசிச்சுச் சொல்றனுங்க."

நாற்பது வருஷமாகக் காய் விற்கிறார், இதுவரை எதையும் யோசித்துச் சொன்னதில்லை. கவலையாக இருக்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் முதல் ஆள் நான்தான். வெண்டைக்காய் வாங்கினேன். எடை போட்டார், காசை வாங்கிக் கல்லாவில் போட்டார்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. விடவேயில்லை. காளியாயி ஈரத்தோடு வந்து சொன்னாள்: "நாளெல்லாம் ஈ ஓட்டுனாருங்க. தக்காளி ரெண்டு கூடை அழுவிப் போச்சு. எதுத்த கடைக்காரரு வந்து, 'காத்தால யாருண்ணா போணி?'ன்னு கேட்டாருங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"தெரியலீங்கம்மா. நான் பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

இதைக் கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இவளை என்ன செய்ய?

வீட்டில் வெண்டைக்காய் மிச்சமிருக்கிறது. நாளை கடைக்குப் போக அவசியமே இல்லை.

போவேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஷட்டர் முழுதும் ஏறும்வரை சாலையின் மறுபக்கம் நின்றேன். குனிந்து நுழைவதெல்லாம் வேண்டாம் என்று. பிறகு கடந்து போனேன். வேறு யாரும் இல்லை. நேற்று அழுகிய தக்காளி வாசலில் கூடையோடு கிடந்தது.

நல்லமுத்து கொட்டாவி விட்டார். ஸ்டூலைத் தேடவில்லை, கரண்டைக் குறை சொல்லவில்லை. "சொல்லுங்க" என்றார், எல்லோரிடமும் சொல்வதுபோல.

"பீன்ஸ் எப்படி?"

விலையைச் சொன்னார். ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். நார் நூல்மாதிரி தொங்கியது. அதை அவர் கண் முன்னாலேயே ஆட்டிக் காட்டி, பாதி விலை என்றேன்.

"பாதிங்களா? காலங்காத்தால வாயக் கிளறாதீங்கம்மா. நேத்தே எனக்கு நஷ்டம். இஷ்டமில்லன்னா அங்கயே வெச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மருந்துக் கடையைத் தாண்டவில்லை, பின்னால் செருப்புச் சத்தம். "அம்மா! போணி நேரத்துல வெறுங்கையோட போவாதீங்கம்மா, யாவாரம் என்னத்துக்காவும்! சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஒரு வெலையச் சொல்லுங்க!" எதிர்க் கடைக்காரர் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பால் பூத் கூட்டமும் பார்த்தது. நல்லமுத்து யாரையும் கவனிக்கவில்லை. கையில் பீன்ஸோடு நடு ரோட்டில் நின்று என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கேட்காததுபோல இன்னும் கொஞ்சம் நடந்தேன். முக்கால் விலைக்கு வந்துவிட்டார். நிற்கலாம்தான்.

பஸ் ஸ்டாண்ட் வரை போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது.